ஆற்றுக்குள் அஸ்திவாரம்: அம்மாவோடு ஷெனோன்சோ கோட்டை பார்த்த நாள்

முதல் தடவை ஷெனோன்சோ போனது ஒரு சுற்றுலாப் பேருந்தில். காலையில் பாரிசில் கிளம்பி, ஒரே நாளில் மூன்று கோட்டைகளைக் காட்டி, இரவு திருப்பிக் கொண்டுவந்து விடுகிற ஏற்பாடு. ஷெனோன்சோவுக்கு ஒதுக்கியது ஒரு மணி பத்து நிமிடம். அதில் இருபது நிமிடம் கழிவறை வரிசையிலேயே போய்விட்டது. மிச்ச நேரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நகர்ந்து, ஆற்றின் மேல் நிற்கிற அந்த வெள்ளை மாளிகையை நாற்பது படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்க்கும்போதுதான் தோன்றியது, இதை யார் கட்டினார்கள், தரையில் இவ்வளவு இடம் இருக்கும்போது ஏன் ஆற்றுக்குள் கொண்டுபோய்க் கட்டினார்கள் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் பார்க்காமல் விட்டதுதான் அதிகம் என்று புரிந்தது.

இரண்டாவது தடவை அம்மாவோடு போனேன். அம்மா முப்பத்திரண்டு வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னோடு இருக்க மூன்று மாதம் வந்திருந்தாள். வெர்சாய் அரண்மனைக்கு ஏற்கெனவே கூட்டிப்போய்க் கால் வலிக்க நடக்க வைத்திருந்ததால், இன்னொரு கோட்டை என்றதும் தயங்கினாள். "ராஜா வீடெல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும், கட்டிலு, திரைச்சீலை, பெரிய பெரிய படம். நீ போயிட்டு வா, நான் வீட்ல இருக்கேன்." அப்போது சொன்னேன், "அம்மா, முதல் உலகப் போர்ல அந்தக் கோட்டையே ஆஸ்பத்திரியா இருந்துச்சு, ஆத்துக்கு மேல வார்டு." அம்மா கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை பெட்?" என்று கேட்டாள். நூற்றி இருபது என்றேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு எனக்கு முன்னால் எழுந்து தயாராகிவிட்டாள்.

போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேருந்து இல்லாமல் போவது கஷ்டம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் தூர் நகரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் (பல ரயில்கள் தூர் நகரத்துக்கு உள்ளே போகாமல் பக்கத்தில் சேன்-பியேர்-தே-கோர் என்ற நிலையத்தோடு நின்றுவிடும், பயப்பட வேண்டாம், அங்கிருந்தே மாறிக்கொள்ளலாம்). பிறகு உள்ளூர் ரயிலில் அரைமணி. நிலையம் கோட்டை வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது, டாக்சியே வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: பிரெஞ்சில் ஊரின் பெயரை எழுதும்போது கடைசியில் 'எக்ஸ்' எழுத்து வரும், கோட்டையின் பெயரில் வராது, சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான். ரயில் டிக்கெட் தேடும்போது எக்ஸ் சேர்த்துத் தேடுங்கள். இன்னொன்று, இந்தச் சின்னத் தடத்தில் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான் ஓடும். திரும்பி வருகிற ரயிலின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ப கிளம்புகிற ரயிலைத் தேர்ந்தெடுங்கள். நான் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

நுழைவுச்சீட்டை முந்தின இரவே இணையத்தில் எடுத்துவிட்டோம். கோட்டை திறக்கிற நேரத்துக்கே உள்ளே போய்விட்டதால் இரண்டு பக்கமும் பிளேன் மரங்கள் நிற்கிற அந்த நீண்ட பாதையில் எங்களோடு பத்துப் பேர்கூட இல்லை. பதினோரு மணிக்கு மேல் பேருந்துகள் வந்து இறங்கத் தொடங்கின, அதற்குப் பிறகு உள்ளே அறை அறையாக வரிசைதான். ஆகவே காலையில் கிடைக்கிற அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தைத் தோட்டத்தில் செலவு செய்யாதீர்கள். தோட்டம் பெரியது, எத்தனை பேர் வந்தாலும் தாங்கும். அறைகள் சின்னவை.

நம் மொழியில் கோட்டை என்றால் மதிலும் அகழியும் பீரங்கி மேடும்தான் கண்ணில் வரும். பிரெஞ்சுக்காரர்கள் போருக்குக் கட்டியதையும் வசிக்கக் கட்டியதையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். ஷெனோன்சோ வசிக்கக் கட்டிய வீடு. அதற்கு முன்னால் தனியாக நிற்கிற உருண்டைக் கோபுரம் மட்டும்தான் பழைய கோட்டையின் மிச்சம். அது மார்க் என்ற குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. கடனில் மூழ்கிய அவர்களிடமிருந்து 1513-இல் தொமா போயே என்பவர் இந்த இடத்தை வாங்கினார். மூன்று ராஜாக்களிடம் அரசாங்க வருவாய்க் கணக்கைப் பார்த்த பெரிய அதிகாரி அவர். பழைய கோட்டையை இடித்தார், கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார். புது வீட்டைக் கட்டியது ஷேர் ஆற்றுக்குள் இருந்த ஒரு மாவு ஆலையின் அஸ்திவாரத்தின் மேல். தண்ணீரில் ஓடுகிற ஆலை, அதனால் அது ஆற்றுக்குள் இருந்தது, அதன் கல் அடித்தளம் பலமாக இருந்தது, அதன் மேலேயே வீடு எழும்பியது. என்னை அத்தனை நாள் உறுத்திய கேள்விக்கு விடை இவ்வளவுதான். ஆனால் இது தெரிந்த பிறகு அந்த வீட்டைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது, ஏனென்றால் இன்றைக்கும் அந்தச் சதுரமான முதல் கட்டடம் ஓர் ஆலை நிற்கிற மாதிரிதான் தண்ணீரில் காலூன்றி நிற்கிறது.

போயே இத்தாலியப் போர்களோடு அலைந்துகொண்டிருந்தார். வேலையைப் பக்கத்தில் நின்று நடத்தியது அவர் மனைவி கத்தரீன் பிரிசோனே. 1521 வரை வேலை நடந்தது. உள்ளே இருக்கிற மாடிப்படி அந்தக் காலத்து பிரான்சில் அபூர்வம். அதற்கு முன்னால் கோட்டைகளில் எல்லாம் திருகுப்படிதான், சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். இங்கே இத்தாலிய பாணியில் நேராக ஏறி, நடுவில் நின்று, திரும்பி, மறுபடி நேராக ஏறுகிற படி. இப்போது எல்லா வீட்டிலும் இருப்பதால் நாம் கவனிக்க மாட்டோம். முழங்கால் வலி இருக்கிற அம்மா தான் கவனித்தாள். "இது நல்ல படி, நடுவுல நின்னு மூச்சு வாங்கலாம், ஸ்ட்ரெச்சர்கூட ஏத்தலாம்" என்றாள். வீட்டை நின்று கட்டிய பெண்ணின் யோசனை இது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படி நம்பத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. கணவன் மனைவி பெயரெழுத்துகளோடு சேர்த்து ஒரு வாசகத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள், வேலை நிறைவேறினால் என் நினைவு நிற்கும் என்கிற பொருளில். 1524-இல் அவர் இறந்தார், 1526-இல் அவள். கணக்கில் பாக்கி என்று சொல்லி 1535-இல் மகனிடமிருந்து அரசாங்கம் கோட்டையை எடுத்துக்கொண்டது.

சரி, உள்ளே போனதும் எல்லோரும் நேராகப் படுக்கையறைகளுக்குப் போவார்கள். நாங்கள் முதலில் கீழே இறங்கினோம். சமையலறை அங்கேதான் இருக்கிறது, ஆற்றுப் படுகையில் நிற்கிற தூண்களின் வயிற்றுக்குள். குறுகலான படி, குனிந்து இறங்க வேண்டும், இறங்க இறங்கக் காற்று குளிர்ச்சியாகிறது. ரொட்டி அடுப்பு, மாமிசம் தொங்கவிடும் கொக்கிகள், வெட்டும் கட்டை, சாமான் வைக்கிற அறை, வேலைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட அறை என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகிறது. ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போக ஒரு சின்னப் பாலம், அங்கே நின்று எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே பச்சையாக ஆறு ஓடுகிறது. படகில் வந்த சாமான்களை அங்கேயே இறக்கி நேராகச் சமையலறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அடுத்த அறையில் பெரிய இரும்பு அடுப்பும் செப்புப் பாத்திர வரிசையும். அந்த அடுப்பு ராஜா காலத்தது இல்லை. முதல் உலகப் போரில் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய அளவு சமைப்பதற்காகச் செய்த மாற்றங்களில் ஒன்று.

அம்மா அந்த அடுப்பின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அடுப்பைச் சுற்றி ஓடுகிற பித்தளைக் கம்பியைப் பார்த்தாள், ஈரத் துணி காயப்போட என்று அவளாகச் சொன்னாள். அப்புறம் மேலே பார்த்தாள், வந்த படியைப் பார்த்தாள். "நூத்தி இருபது பேருக்கு இங்க சமைச்சு, அந்தப் படியில தூக்கிட்டுப் போயி, சூடு ஆறுறதுக்குள்ள கொடுக்கணும். மூணு வேளை" என்றாள். நான் இரண்டு தடவை அந்தக் கோட்டையைப் பற்றிப் படித்தபோதும் இது எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிற ஒரு ஆளை யாரும் படமாக வரைந்து மாட்டவில்லை. ஆகவே நீங்கள் போகும்போதும் சமையலறையை முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு மேலே பார்க்கிற ஒவ்வொரு அறையிலும் இதைக் கீழிருந்து யார் தூக்கி வந்தார்கள் என்ற எண்ணம் கூடவே வரும்.

மேலே வந்தால் தியான் த புவாத்தியே, கத்ரீன் த மெதிசி என்ற இரண்டு பெண்களின் கதை. அதிகம் சொல்லப்பட்ட கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜா இரண்டாம் ஹென்றி 1547-இல் பட்டத்துக்கு வந்ததும் ஷெனோன்சோவைத் தன் காதலி தியானுக்குக் கொடுத்தார். அவள் அவரைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவள், கணவனை இழந்தவள், கறுப்பும் வெள்ளையுமாகத்தான் உடுத்துவாள். கத்ரீன் அவருடைய மனைவி, ராணி. ராணிக்கு இந்த இடத்தின் மேல் ஆசை இருந்தும் கிடைக்கவில்லை. தியான் விவரமானவள். அரசாங்கச் சொத்தைத் தானமாகப் பெற்றால் நாளைக்கு ராஜா போனதும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்து, 1555-இல் சட்டப்படி சுற்றி வளைத்து அதைத் தன் பெயரில் விலைக்கு வாங்கிய மாதிரி ஆக்கினாள். தோட்டம் போட்டாள், வெள்ளம் வராமல் இருக்க அதை மேடாக உயர்த்தினாள். பிலிபேர் த லோர்ம் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வீட்டிலிருந்து அக்கரைக்கு ஐந்து வளைவுப் பாலம் கட்டினாள். பாலம் முடிகிற சமயம், 1559-இல், குதிரைமேல் ஈட்டிப் போட்டி விளையாடிய ராஜாவின் கண்ணில் ஈட்டிச் சிம்பு பாய்ந்து பத்து நாளில் இறந்துபோனார். பத்திரம் எதுவும் உதவவில்லை. கத்ரீன் தியானிடமிருந்து ஷெனோன்சோவை வாங்கிக்கொண்டு அதற்குப் பதில் ஷோமோன் கோட்டையைக் கொடுத்தாள்.

தியானின் படுக்கையறையில் கணப்படுப்புக்கு மேலே இப்போது மாட்டியிருப்பது கத்ரீனின் படம். அறை முழுக்க ராஜா ராணியின் பெயரெழுத்துகள், ஹென்றியின் ஹெச்சும் கத்ரீனின் சி-யும் பின்னிக் கிடக்கின்றன. இரண்டு சி-யும் ஹெச்சின் கால்களோடு ஒட்டும்போது அது டி மாதிரித் தெரிகிறது. நிஜமாகவே தெரிகிறது, பக்கத்தில் நின்று விரலால் காற்றில் வரைந்து பார்த்தேன். ராணியின் அடையாளத்துக்குள்ளேயே தியானின் முதல் எழுத்து. அதை ஊரே பார்த்திருக்கும், ராணியும் பார்த்திருப்பாள். கத்ரீன் பிறகு பையன்களின் பெயரில் பிரான்சையே நடத்தியவள், ஆற்றைப் பார்க்கிற ஒரு சின்னப் பச்சை அறையில் உட்கார்ந்து. அந்த அறையை அவசரத்தில் கடந்துவிடாதீர்கள். இவ்வளவு பெரிய வீட்டில் வேலை நடந்த இடம் அந்தச் சின்ன அறை.

தியானின் பாலத்துக்கு மேல் கத்ரீன் எழுப்பியதுதான் எல்லாப் படத்திலும் நாம் பார்க்கிற அந்த நீண்ட கூடம். 1576-இல் முடிந்தது. அறுபது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், பதினெட்டு ஜன்னல்கள். தரை கறுப்பும் வெள்ளையும், ஒன்று ஸ்லேட் கல், மற்றது அந்தப் பகுதியின் துஃபோ என்கிற மென்மையான வெண் சுண்ணாம்புக் கல். நடக்கிற தடத்தில் கல் தேய்ந்து லேசாகக் குழிந்திருப்பதைக் காலே உணர்கிறது. தேய்மானம் நடுவில்தான் அதிகம், சுவரோரம் கட்டம் கூர்மையாக இருக்கிறது. அங்கே ராஜாங்க விருந்தும் நடனமும் நடந்தன. நான் முதல் தடவை வந்தபோது அங்கே நின்று நடனத்தைத்தான் கற்பனை செய்தேன்.

அம்மா உள்ளே நுழைந்ததும் சுவரோரமாகப் போய் நின்றாள். பிறகு சுவரை ஒட்டி அடி அளந்து நடந்தாள். நான் பின்னால் போனேன். "கட்டில் மூணு அடி. நடுவுல மூணு அடி விடணும், அப்பதான் நர்ஸ் ரெண்டு பக்கமும் நிக்க முடியும். ஆக ஒரு பேஷன்ட்டுக்கு ஆறு அடி. மொத்தம் எத்தனை அடிடி?" அறுபது மீட்டர், கிட்டத்தட்ட இருநூறு அடி என்றேன். "ஒரு பக்கம் முப்பத்திரண்டு, முப்பத்துமூணு. ரெண்டு பக்கமும் அறுபத்தி நாலு. மேலயும் இதே மாதிரி கூடம் இருக்குன்னியே?" இருக்கிறது. "அப்ப நூத்தி இருபது சரியா வரும். கதவுக்கும் அடுப்புக்கும் இடம் விட்டா நூத்தி இருபதுதான்." அகலத்தையும் கணக்குப் போட்டாள். ஆறு மீட்டர் என்றால் இருபது அடி, இரண்டு பக்கமும் ஆறரை அடிக் கட்டில், நடுவில் ஏழடி, எதிரும் புதிருமாக இரண்டு ஸ்ட்ரெச்சர் போகலாம். ஜன்னல் இரண்டு பக்கமும் இருப்பதால் காற்று குறுக்கே ஓடும், காயம் நாறாது. குளிர்காலத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை, கீழே ஆறு, இரண்டு பக்கமும் கண்ணாடி. அதைக் கூடத்தைக் கடக்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

நடந்தது இதுதான். மெனியே குடும்பம் சாக்லெட் செய்து சம்பாதித்த குடும்பம், 1913-இல் ஷெனோன்சோவை வாங்கியது, இன்றைக்கும் அவர்களுடையதுதான். அடுத்த வருடம் போர் வந்தது. காஸ்தோன் மெனியே தன் சொந்தச் செலவில் கோட்டையை ராணுவ ஆஸ்பத்திரியாக மாற்றினார். கூடத்தின் இரண்டு தளங்களிலும் வார்டு, அறுவை சிகிச்சை அறை, அப்போது புதிதாக வந்த எக்ஸ்ரே கருவி. அவர் மருமகள் சிமோன் மெனியே தலைமை நர்ஸாக இருந்து நடத்தினாள். 1918 டிசம்பர் முடிவு வரை அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 2,254 பேர். சிமோனின் பெயரை அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "பணக்கார வீட்டுப் பொண்ணு, நாலு வருஷம் வார்டு பார்த்திருக்கு" என்றாள். அம்மா வாயிலிருந்து வருகிற பாராட்டு எவ்வளவு அரிது என்று அவளோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

கூடத்தின் கோடியில் ஒரு கதவு இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதுவரை வந்து, படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் போன அன்று கதவு திறந்திருந்தது, வெளியே போனோம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்சை இரண்டாக வெட்டியபோது, இந்தப் பகுதியில் எல்லைக் கோடாக ஓடியது ஷேர் ஆறு. கோட்டையின் முன்வாசல் ஆக்கிரமிப்புப் பகுதியில், இந்தத் தெற்குக் கதவு ஜெர்மானியர் பிடிக்காத மறுபக்கத்தில். முன்வாசலில் நுழைந்து இந்தக் கதவு வழியாக வெளியேறினால் எல்லையைக் கடந்தாயிற்று. மெனியே குடும்பத்தின் உதவியோடு அப்படிக் கடந்தவர்கள் உண்டு. அதே சிமோன் இந்தப் போரிலும் எதிர்ப்பு வேலைகளில் துணிந்து இறங்கியவள். நாங்கள் அந்தக் கூடத்தை அளந்து அளந்து நடந்ததில் கால்மணி ஆகியிருக்கும். ஓடி வந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. கதவைத் தாண்டி மரநிழலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அந்த ஒரு நிமிடத்தை நினைத்து எனக்குக் கை சில்லிட்டது. அக்கரையிலிருந்து கோட்டை முழுசாகத் தெரியும், கூட்டமும் கிடையாது, வளைவுகளுக்கு அடியில் சின்னப் படகுகளைத் துடுப்புப் போட்டு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நல்ல படம் வேண்டும் என்பவர்கள் இங்கே வந்து எடுங்கள். திரும்ப உள்ளே வர நுழைவுச்சீட்டு கேட்கலாம், கையிலேயே வைத்திருங்கள்.

மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது, ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. கத்ரீனின் மகன் ராஜா மூன்றாம் ஹென்றியின் மனைவி லூயிஸ் த லொரேன் இருந்த அறை. 1589 ஆகஸ்டில் அவள் கணவனை ஒரு துறவி கத்தியால் குத்திக் கொன்றபோது அவள் இந்தக் கோட்டையில் இருந்தாள், செய்தி இங்கேதான் வந்தது. அரச குடும்பத்து வழக்கப்படி துக்கத்துக்கு வெள்ளை உடுத்தினாள், அதனால் வெள்ளை ராணி என்று பெயர். அறையின் கறுப்புக் கூரையில் வெள்ளி நிறத்தில் கண்ணீர்த் துளிகள், விதவைகளின் சின்னமான கயிற்று முடிச்சுகள், முள்முடி. வெள்ளைப் புடவையும் துக்கமும் என்ன என்று தெரிந்த அம்மா, அப்பா போன பிறகும் கலர்ப் புடவைதான் கட்டுவேன் என்று பிடிவாதமாகக் கட்டுகிறவள், அங்கே ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்தபிறகு, "அந்தப் பொண்ணை யாராவது தினமும் வெளிய கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

மிச்ச காலத்தை நான் வேகமாகக் கடந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் லூயிஸ் துபேன் என்ற படித்த பெண்மணி இங்கே இருந்தாள், தத்துவவாதி ரூசோ அவளுக்குச் செயலாளராக வேலை பார்த்தார். புரட்சிக் காலத்தில் கோட்டை தப்பியதற்கு, அந்தப் பக்கத்தில் ஆற்றைக் கடக்க வேறு பாலம் இல்லை என்று எடுத்துச் சொன்னதைக் காரணமாகச் சொல்வார்கள். உள்ளே இருக்கிற சிற்றாலயத்தை விறகுக் கிடங்காக்கி அவள் காப்பாற்றியதாகவும் சொல்வார்கள். 1944 குண்டுவீச்சில் அந்த ஆலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிகள் போய்விட்டன, இப்போது இருப்பவை 1954-இல் வைத்தவை. நடுவில் 1864-இல் வாங்கிய மார்கரீத் பெலூஸ் பழுதுபார்ப்பதிலேயே சொத்தையெல்லாம் இழந்தாள். வாங்கியவர்களும் பறிகொடுத்தவர்களுமாக இந்த வீட்டுக்கு இத்தனை பெண்கள். பெண்களின் கோட்டை என்று பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சொல்வது வெறும் விளம்பரத்துக்காக இல்லை.

நடைமுறைக்குச் சில விஷயம். உள்ளே போவதற்கு முன்பே தியான், கத்ரீன், லூயிஸ் த லொரேன், லூயிஸ் துபேன், சிமோன் என்று ஐந்து பெயரையாவது வரிசையாகத் தெரிந்துகொண்டு போங்கள். உள்ளே கொடுக்கிற கையேட்டை அங்கேயே நின்று படித்தால் அறையைப் பார்க்க முடியாது. வயதானவர்களோடு போனால் மாடிக்கும் சமையலறைக்கும் படிதான் என்பதை மனதில் வைத்து, இரண்டுக்கும் நடுவில் கூடத்திலோ தோட்டத்திலோ உட்கார வையுங்கள். பாதையெல்லாம் சரளைக்கல், மெல்லிய செருப்புக்கு உதவாது, அம்மா ஷூ போட்டிருந்ததால் தப்பித்தாள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று, எலுமிச்சை சாதத்தை வெளியே சாப்பாட்டுக்கென்று விட்டிருக்கிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒவ்வொரு அறையிலும் பெரிய பெரிய பூங்கொத்துகள் இருக்கின்றன, கோட்டைக்குச் சொந்தமான தோட்டத்தில் வளர்த்து அங்கேயே கட்டுகிறார்கள், வெளியே பண்ணைப் பக்கம் போனால் அந்தப் பூந்தோட்டத்தையும் பார்க்கலாம். முழுக் கோட்டைக்கும் அரைநாள் வேண்டும். ஒரே நாளில் மூன்று கோட்டை என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், பணமும் போகும், எதுவும் மனதில் நிற்காது.

பழைய குதிரை லாயக் கட்டடத்தில் அந்த ராணுவ ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். கடைசியில் அங்கே போனோம், போயிருக்கக் கூடாது, இல்லை, கண்டிப்பாகப் போகத்தான் வேண்டும், ஆனால் கையில் இன்னும் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அம்மா அங்கிருந்து நகரவில்லை. கட்டில்கள் இரண்டு வரிசையாகப் போட்ட கூடத்தின் பழைய புகைப்படத்தில் ஒரு பக்கத்துக் கட்டில்களை விரல்வைத்து எண்ணினாள். வெள்ளை உடுப்பு நர்ஸ் ஒருத்தி கட்டிலோரம் நிற்கிறாள், அவள் நிற்கிற இடைவெளியைக் காட்டி, "பாத்தியா, மூணு அடி" என்றாள். நான் மணியைப் பார்த்தபோது ரயில் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அடுத்ததற்கு இரண்டரை மணி நேரம்.

சின்ன நிலையம், கடை எதுவும் இல்லை, ஒரு பெஞ்சு. நான் மாற்று வழி ஏதாவது இருக்கிறதா என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா ஊரில் இருக்கிற தன் பழைய வார்டு சிநேகிதிக்குப் போன் போட்டுவிட்டாள். "ஆத்துக்கு மேலடி. ஆமா, நடுவாத்துல. ரெண்டு பக்கமும் ஜன்னல், கீழ தண்ணி ஓடுது. நூத்தி இருபது பெட்டு. கணக்குப் போட்டுப் பாத்தேன், சரியா வருது. இல்லடி, லிஃப்ட் எங்க, கீழ இருந்து படியிலதான் சாப்பாடு. ஹெட் நர்ஸா? அந்த வீட்டு மருமகதான். பேரு சிமோன்."